ஆடிப்பெருக்கில் ஒகேனக்கல்: ஒரே நாளில் பரிசலும் மேடையும் கிடைக்குமா?

கேள்வி இதுதான்: ஆடிப்பெருக்கு சமயத்தில் குடும்பத்தோடு (ஒரு வயதானவர், இரண்டு பிள்ளைகள்) தர்மபுரி வந்து, ஒகேனக்கல்லில் பரிசல் ஏறி, அருவியில் குளித்து, மீன் சாப்பிட்டு, சாயங்காலம் அரசு விழா மேடையில் கலைநிகழ்ச்சி பார்த்துவிட்டு ராத்திரியே தர்மபுரி திரும்ப முடியுமா?

பெரும்பாலான வருடங்களில் முடியாது. தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர்தான், ஒன்றேகால் மணி நேரத்தில் போய்ச் சேரலாம். தடுப்பது தண்ணீர். கூட்டம் அதிகம் வருகிற ஆடிப்பெருக்கு விழா நாட்கள்தான் பரிசலுக்குத் தடை வர அதிக வாய்ப்புள்ள நாட்கள். இது தெரியாமல் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேன் பிடித்து வருபவர்கள் மடம் சோதனைச்சாவடியில் போலீசாரோடு வாக்குவாதம் செய்வது வருடா வருடம் நடக்கிறது.

காரணத்தைப் புரிந்துகொண்டால் எந்த மாதத்துக்கும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆடி மாதம் என்பது தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நேரம். வயநாட்டு மழை கபினி அணைக்கு வருகிறது, குடகு மழை கிருஷ்ணராஜசாகருக்கு வருகிறது. கபினி சின்ன அணை, கொள்ளளவு 19.52 டி.எம்.சி. மட்டுமே (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). சீக்கிரம் நிரம்பிவிடும், அதற்குப் பிறகு வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிட வேண்டியதுதான். கிருஷ்ணராஜசாகர் 49.45 டி.எம்.சி. பிடிக்கும், அதனால் கொஞ்சம் தாங்கும். அதுவும் தன் முழு உயரமான 124.80 அடியை நெருங்கிவிட்டால் உபரி நீர் முழுக்க நம் பக்கம்தான். இரண்டு ஆறும் திருமகூடலு நரசிபுராவில் சேர்ந்து, சிவனசமுத்திரம், மேகேதாட்டு தாண்டி, பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கல்லுக்கு வருகின்றன. 2018, 2019, 2022, 2024 ஆகிய வருடங்களில் இந்தப் பருவத்தில் இங்கே நீர்வரத்து வினாடிக்கு 1 லட்சம் கன அடியைத் தாண்டியது. மாறாக 2023-ல் மழை பொய்த்து, ஆடியிலும் ஆறு மெலிந்தே கிடந்தது. ஆக, ‘ஆடியில் நிச்சயம் வெள்ளம்’ என்றும் சொல்ல முடியாது, ‘நிச்சயம் பரிசல் ஓடும்’ என்றும் சொல்ல முடியாது. டிக்கெட் எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஒரே ஒரு எண்ணை.

அந்த எண், பிலிகுண்டுலு அளவீடு. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் இடத்தில் மத்திய நீர்வள ஆணையம் அளப்பது. ‘காலை நிலவரப்படி வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி’ என்று தினமும் நாளிதழிலும் டிவியிலும் வருவது இதுதான். ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். 10,000 கன அடி என்றால் ஒவ்வொரு வினாடியும் 2,83,000 லிட்டர் உங்களைக் கடந்து போகிறது என்று அர்த்தம்.

இனி சொல்வது அரசு விதி அல்ல, குத்துமதிப்பான அளவுகோல். 5,000-க்குக் கீழே இருந்தால் பாறைகள் நன்றாக வெளியே தெரியும், அருவிகள் தனித்தனியாகப் பிரிந்து விழும், பரிசலுக்குத் தொல்லை இல்லை. ஆனால் சில இடங்களில் இறங்கி நடக்க வேண்டிவரும். 5,000-லிருந்து 10,000, 12,000 வரை இருப்பதுதான் ஒகேனக்கல்லின் நல்ல முகம்: அருவியில் வேகமும் இருக்கும், மலையிடுக்கில் பரிசலும் போகும். 15,000-க்கு மேல் போனால் எந்த நேரமும் தடை வரலாம். 20,000-ஐத் தாண்டிவிட்டால் பரிசலையும் அருவிக் குளியலையும் மறந்துவிட்டு வாருங்கள். 1 லட்சத்துக்கு மேல் என்றால் ஐந்தருவி, சினி அருவி, மெயின் அருவி எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. பாறைகள் எல்லாம் முங்கி, செம்மண் நிறத்தில் ஒரே ஆறாக ஓடும். அப்போது சோதனைச்சாவடியிலேயே வண்டிகளைத் திருப்பி அனுப்பவும் செய்வார்கள்.

இதில் பலர் கவனிக்காத இரண்டு விஷயம் உண்டு. கர்நாடக அணைகளில் திறக்கும் தண்ணீர் இங்கே வந்து சேர ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். அதனால் சனிக்கிழமை கிளம்புவதாக இருந்தால், வியாழக்கிழமை கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் எவ்வளவு திறந்தார்கள் என்று பார்த்து இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஆறு எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல முன்னறிவிப்பு கிடையாது. இரண்டாவது, தண்ணீர் வடிந்ததும் தடை நீங்கிவிடாது. பெரிய வெள்ளம் மெயின் அருவிக்குப் போகும் நடைபாதையையும் தடுப்புக் கம்பிகளையும் பிய்த்துப் போட்டுவிடும், சேறும் மரக்கட்டையும் வந்து அடைந்துகொள்ளும். அவற்றைச் சரிசெய்து, பார்வையிட்டு, பிறகுதான் அனுமதிப்பார்கள். நீர்வரத்து 8,000-க்கு இறங்கிவிட்டது என்று செய்தியில் வந்தாலும், ‘குளிக்க அனுமதி’ என்ற வரியும் வந்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு சிக்கல்: சுற்றுக் காட்டில் கனமழை பெய்தால் சின்னாறு திடீரென்று கலங்கலாக இறங்கிவரும். அது பிலிகுண்டுலு கணக்கில் இருக்காது, ஏனென்றால் சின்னாறு காவிரியில் கலப்பதே ஒகேனக்கல்லில்தான்.

ஆகவே என் யோசனை, இரண்டையும் இரண்டு பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். பரிசலுக்கும் குளியலுக்கும் கார்த்திகை கடைசியிலிருந்து மாசி வரை, ஒரு வார நாளில். ஆடிப்பெருக்குக்கு வந்தால் ஆற்றைப் பார்க்கவும், சாமி கும்பிடவும், மேடை நிகழ்ச்சிக்கும் மட்டும். சித்திரையிலும் வைகாசியிலும் வேண்டாம். தர்மபுரியைவிட ஒகேனக்கல் தாழ்வான பள்ளத்தில் இருக்கிறது, பாறையில் பட்ட வெயில் சாயங்காலம் வரை கீழே இருந்து அடிக்கும். வயதானவர்களுக்குத் தாங்காது.

போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தர்மபுரி பேருந்து நிலையத்திலிருந்து இண்டூர், பென்னாகரம் வழியாக நேரடிப் பேருந்துகள் உண்டு. நேரடியாகக் கிடைக்காவிட்டால் பென்னாகரம் வரை வந்து மாறிக்கொள்ளலாம். ரயிலில் வருபவர்கள் தர்மபுரியில் இறங்குவதே வசதி. கிருஷ்ணகிரியிலிருந்து காரில் வந்தால் தர்மபுரி நகருக்குள் நுழையாமல் காவேரிப்பட்டணம், பாலக்கோடு, பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம் பிடிக்கலாம். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழி கிலோமீட்டரில் குறைவு, காட்சியும் அழகு. ஆனால் அது யானைகள் கடக்கும் காட்டுப் பாதை. பகலில் மட்டும் அதில் வாருங்கள், வழியில் இறங்கிப் படம் எடுக்காதீர்கள்.

பென்னாகரத்திலிருந்து கடைசி 16 கிலோமீட்டரில்தான் கணவாய் இறக்கம் வரும். அங்கே விபத்து நடப்பது பெரும்பாலும் ஆள் நிறைந்த வேன்களுக்கும் மினி லாரிகளுக்கும். டிரைவர் டாப் கியரில் வண்டியை விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவார். பிரேக் டிரம் சூடேறி, பாதி இறக்கத்தில் பிடிமானம் போய்விடும். இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வாடகை வண்டி டிரைவர் ஊருக்குப் புதியவர் என்றால் மடம் சோதனைச்சாவடியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. குரங்குகளுக்குத் தின்பண்டம் போட வண்டியை நிறுத்துவதையும் விட்டுவிடலாம். அந்தப் பழக்கத்தால்தான் அவை ரோட்டு நடுவில் உட்காருகின்றன.

பரிசல் பயணத்துக்கு நல்ல நேரம் காலை 8-லிருந்து 10 வரை. 11 மணிக்கு மேல் பெங்களூர், சேலம் கூட்டம் வந்து சேர்ந்து வரிசை நீண்டுவிடும். கட்டணத்தைப் பலகையில் பார்த்து கவுன்டரில் மட்டும் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். பேருந்தை விட்டு இறங்கியதும் ‘நான் கூட்டிட்டுப் போறேன் சார்’ என்று வருபவரிடம் பேரம் பேச ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. ஒரு பரிசலில் ஓட்டுநர் தவிர நான்கு பேர். உங்கள் ஐந்தாறு பேர் குடும்பத்துக்கு இரண்டு பரிசல் வேண்டும். பெரியவர்களைச் சரிபாதியாகப் பிரித்து, பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று உட்காருங்கள்.

பரிசல் என்பது மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, அடியில் பிளாஸ்டிக் படுதா போர்த்தித் தார் பூசிய வட்டத் தொட்டி. முன்பு தோல் போர்த்தினார்கள். அதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது, அடியில் நடுத்தண்டும் கிடையாது. அதனால்தான் பாறை இடுக்கில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஒற்றைத் துடுப்பில் திருப்ப முடிகிறது, அதே காரணத்தால்தான் ஒருவர் எழுந்து நின்றால் தொட்டி முழுக்க அந்தப் பக்கம் சாய்கிறது. விளிம்பில் உட்காரக் கூடாது. அடியில் சம்மணம் போட்டு, முதுகை விளிம்பில் சாய்த்து உட்காருங்கள். அருவிக்கு அருகில் போனதும் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் படம் எடுப்பதுதான் கவிழ்வதற்கு முதல் காரணம், சுழற்றிக் காட்டச் சொல்லி ஓட்டுநரைத் தூண்டுவது இரண்டாவது. லைஃப் ஜாக்கெட்டில் எல்லாக் கொக்கியையும் மாட்டித் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறி வந்தால் அது பெரிய அளவு, தண்ணீரில் விழுந்தால் உடம்பு கீழே நழுவி ஜாக்கெட் மட்டும் மிதக்கும். பிள்ளைகளுக்கு இதை அவசியம் செய்து பாருங்கள். சின்ன அளவு இல்லையென்றால் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

தண்ணீர் குறைவான நாட்களில் பாறைத் திட்டு வரும் இடத்தில் இறங்கச் சொல்வார்கள். ஓட்டுநர் பரிசலைத் தலைக்கு மேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு முன்னே போவார், நீங்கள் பின்னால் நடந்து மறுபக்கத் தண்ணீரில் மீண்டும் ஏற வேண்டும். அந்தப் பாறை கரடுமுரடானது, வெயிலில் கொதிக்கும். முழங்கால் வலி உள்ளவர் கரையில் இருப்பதே நல்லது. தொங்குபாலத்திலிருந்தும் பார்வைக் கோபுரத்திலிருந்தும் ஐந்தருவிப் பக்கம் நன்றாகவே தெரியும்.

குளிப்பதற்கு மெயின் அருவியில் கம்பித் தடுப்பு போட்ட இடம் மட்டும். இங்கே நடக்கும் சாவுகளைப் பற்றி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஆர்ப்பரிக்கும் அருவியில் சாகிறவர்களைவிட, ஊட்டமலை, ஆலாம்பாடி, முதலைப்பண்ணை போன்ற அமைதியாகத் தெரியும் கரைகளில் சாகிறவர்கள் அதிகம். ஆற்றின் அடிப்பாறையை வெள்ளம் குடைந்து குடைந்து குழிகளாக வைத்திருக்கிறது. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் ஆழத்தில் இருப்பார், அடியில் நீரோட்டம் பாறை இடுக்குக்குள் இழுக்கும். நீச்சல் தெரிந்தவருக்கும் அங்கே அது உதவாது. போதாததற்கு ஆற்றில் முதலையும் உண்டு. பண்ணையில் இருப்பவை மட்டும்தான் முதலை என்று நினைத்துவிட வேண்டாம்.

வெள்ளம் வடிந்த வாரங்களில் பாறையின் மேல் மெல்லிய வண்டல் படிந்திருக்கும், காய்ந்தாற்போலத் தெரியும், கால் வைத்தால் வழுக்கும். ரப்பர் செருப்பு தண்ணீரில் கழன்று போகும். பின்வார் உள்ள செருப்பு போட்டு வாருங்கள். எண்ணெய் மசாஜ் வேண்டுமென்றால் முதலிலேயே கூலியைப் பேசிக்கொண்டு, முடிந்ததும் அங்கேயே சீயக்காய் தேய்த்து எண்ணெயைப் போக்கிவிட்டு அருவிக்குப் போங்கள். எண்ணெய் உள்ளங்காலோடு ஈரப் பாறையில் ஏறுவது ஆபத்து.

மீன் விஷயத்துக்கு வருவோம். ஒகேனக்கல்லில் சாப்பாடு என்றால் கடையில் மீன் வாங்கி, அங்கே அடுப்பு வைத்திருக்கும் சமையல்காரப் பெண்களிடம் கொடுத்துச் செய்யச் சொல்வதுதான் முறை. குழம்பும் வறுவலும் ஆக ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே குளித்துவிட்டு வந்து மீன் வாங்காதீர்கள். பரிசலை முடித்து, மீனை வாங்கிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனால், பசியோடு வரும்போது சோறு தயாராக இருக்கும். குழம்புக்குக் கட்லா அல்லது ரோகு, பெரிய மீனின் நடுக்கண்டம். பிள்ளைகளுக்கு வாளை நல்லது, முள் குறைவு. அரஞ்சான் ருசியாக இருக்கும், ஆனால் நுண்முள் அதிகம், மொறுமொறுவென்று வறுத்தால்தான் சாப்பிட முடியும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறி இருந்தால் அது ஐஸில் கிடந்தது. வெட்டிக் கழுவிய பிறகு எடை கணிசமாகக் குறையும், அதனால் கூலி எடுத்த எடைக்கா, கழுவிய எடைக்கா, எண்ணெயும் மசாலாவும் சேர்த்தா என்று மூன்றையும் முன்பே கேட்டுவிடுங்கள். சண்டை வருவது எப்போதும் எண்ணெய்க் காசில்தான். வெள்ளக் காலத்தில் இங்கே யாரும் வலை போட முடியாது. அப்போது ‘இப்போதான் பிடிச்சது’ என்று சொன்னால் சிரித்துக்கொண்டே செவுளைத் தூக்கிப் பாருங்கள்.

இனி ஆடிப்பெருக்கு. ஆடி 18 என்பது ஆகஸ்ட் 2 அல்லது 3-ம் தேதி வரும். அதையொட்டி அரசு சார்பில் பெரும்பாலும் மூன்று நாள் விழா நடக்கும்: துறைகளின் கண்காட்சி அரங்குகள், சாயங்காலம் மேடையில் கலைநிகழ்ச்சி. ஆனால் 18-ம் பெருக்கு அன்று வருகிற கூட்டம் மேடைக்காக வருவதில்லை. விடியற்காலையிலேயே சுற்று ஊர்க்காரர்கள் குலதெய்வத்தின் வேல், சூலம், கரகங்களை எடுத்துவந்து ஆற்றில் கழுவிப் பூஜை செய்வார்கள். புதுத் தம்பதிகள் கல்யாண மாலையை ஆற்றில் விடுவார்கள், பெண்கள் தாலிக் கயிறு மாற்றுவார்கள். தேசநாதேஸ்வரர் கோயிலிலும் காவேரியம்மன் சந்நிதியிலும் நிற்க இடம் இருக்காது. சடங்குக்கு மட்டும் வருபவர்கள் காலை 7 மணிக்குள் முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவது புத்திசாலித்தனம். ஆற்றில் இறங்க முடியாத வெள்ள வருடம் என்றால் தென்பெண்ணைக் கரைக்குப் போகலாம்: இருமத்தூர், அனுமன்தீர்த்தம். அங்கும் அன்று கூட்டம்தான், ஆனால் காவிரி அளவுக்குப் பயம் இல்லை.

மேடை நிகழ்ச்சிதான் நோக்கம் என்றால் 18-ம் பெருக்கு நாளைத் தவிர்த்து, விழாவின் மற்ற இரண்டு நாளில் ஒன்றில் வாருங்கள். நிகழ்ச்சியின் தரத்தில் வித்தியாசம் இருக்காது, கூட்டத்தில்தான் இருக்கும். மதியம் 3 மணிக்கு வந்து, வெயில் இறங்கியதும் தொங்குபாலம், முதலைப்பண்ணை, மீன் காட்சியகம் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேடைப் பக்கம் போனால் சரியாக இருக்கும். முன்வரிசை நாற்காலிகள் அதிகாரிகளுக்கும் விருந்தினர்களுக்கும் போய்விடும். தொடக்கத்தில் வரவேற்பும் நலத்திட்ட உதவி வழங்கலும் நீளும், ஆட்டமும் பாட்டும் அதற்குப் பிறகுதான். பக்கவாட்டில், ஒலிபெருக்கிக்கு நேர் எதிரில் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு ஜமக்காளம் விரித்துக்கொள்வது வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நிம்மதி. பறை, கரகம் என்று தொடங்கினால் நன்றாக இருக்கும். சினிமாப் பாட்டுக்குப் பள்ளிப் பிள்ளைகள் ஆடுவதும் நடுவில் வரும், அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையிலேயே வெட்டவெளியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாட்டும் ஆட்டமும் கேட்க வேண்டும் என்றால், இந்த மேடையைவிட தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் பாரதக் கூத்தைத்தான் (மகாபாரதக் கதையை ஆடிப் பாடும் தெருக்கூத்து) நான் சொல்வேன். பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி பத்து மணி வாக்கில் கூத்து தொடங்கினால் விடியும் வரை. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, ஜால்ரா அவ்வளவுதான் பக்கவாத்தியம், ஆனால் கூத்தை அறிவித்து நடத்திச்செல்லும் கட்டியங்காரன் வந்து நின்றதும் ஊரே நிமிர்ந்து உட்காரும். அர்ச்சுனன் தபசு அன்று மரத்தில் ஏறுவதையும், கடைசி நாள் காலை மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் மேல் நடக்கும் படுகளத்தையும் (துரியோதனன் வதக் காட்சி) தவறவிடாதீர்கள். பங்குனியிலிருந்து கோடை முழுக்க ஏதாவது ஓர் ஊரில் நடந்துகொண்டே இருக்கும். டீக்கடையில் விசாரித்தால் எந்த ஊர், எந்த நாள் என்று சொல்லிவிடுவார்கள். டிக்கெட் கிடையாது. பாயும் போர்வையும் கொண்டுபோங்கள், அதிகாலையில் குளிரும்.

விழா முடிந்து திரும்புவதில் ஒரு எச்சரிக்கை. நிகழ்ச்சி முடிந்ததும் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பும், கணவாயில் ஏற்றம் முழுக்க ஊர்ந்துதான் போக வேண்டும். பிள்ளைகளோடு இருப்பவர்கள் கடைசி நிகழ்ச்சிக்கு அரை மணி முன்பே எழுந்துவிடுவது நல்லது. பேருந்தில் வந்திருந்தால், இறங்கிய உடனேயே தர்மபுரிக்கான கடைசிப் பேருந்து நேரத்தை அங்குள்ள நேரக்காப்பாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விழா நாளுக்கென்று சிறப்புப் பேருந்து விட்டிருந்தால் அதையும் அவரே சொல்வார். தங்குவதாக இருந்தால் தமிழ்நாடு ஓட்டலிலோ தனியார் விடுதியிலோ பல வாரம் முன்பே அறை பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தர்மபுரியில் அறை எடுப்பதே மேல். கூட்ட நேரத்தில் செல்போன் சிக்னல் அறுந்து அறுந்து வரும். ஒருவரையொருவர் தவறவிட்டால் எங்கே வந்து நிற்பது என்று காலையிலேயே ஒரு இடத்தைப் பேசிவையுங்கள், பிள்ளைகளின் சட்டைப்பையில் உங்கள் எண்ணை எழுதிய சீட்டு ஒன்றை வையுங்கள்.